எடை ஏறுகிறது, தொடை இளைக்கிறது: பையன் படுத்தே இருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ரத்தப் புற்றுநோய்க்கு (ஏ.எல்.எல்.) ஏழு மாதமாகச் சிகிச்சை. முகம் உப்பி, எடை கூடியிருக்கிறது. தொடை மட்டும் குச்சியாகிவிட்டது. தரையிலிருந்து எழ, முட்டியில் கை ஊன்றுகிறான். அசையவே விடாதே என்கிறார்கள் உறவினர்கள். ஒருவர் 4,800 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: வாங்காதீர்கள் அம்மா. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் அவனுக்கு அவசியம். நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் அவை தொடை, இடுப்புத் தசையைக் கரைக்கும், பசியைக் கிளப்பிக் கொழுப்பையும் சேர்க்கும். எடை ஏறியும் பையன் எழ முடியாதது அதனால்தான். படுத்தே கிடந்தால் மிச்சத் தசையும் போகும்.

ஆஸ்பத்திரி வாசலில் டப்பாவோடு நிற்கும் ஆட்களை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெர்காப்டோப்யூரினும் மெத்தோட்ரெக்சேட்டும் ஏற்கெனவே கல்லீரலுக்குச் சுமை. என்ன மூலிகை கலந்தது என்றே தெரியாத பவுடரை அதன் மேல் ஏற்றலாமா? நன்றாக வேகவைத்த முட்டை (ஆஃப்பாயில் வேண்டாம்), பால், பருப்பு, சூடான சுண்டல், மீன் கொடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். உடம்பை அசைக்காமல் எதைத் தின்றாலும் தசை ஏறாது.

சுவரோரம் நாற்காலி போட்டு, கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். காலை, மதியம், மாலை. அப்புறம் வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடை. மறுநாளும் களைப்பு தீரவில்லை என்றால் பாதியாகக் குறையுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் உடற்பயிற்சி கிடையாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 10 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டால் இடுப்பு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பே செத்துப்போவதுண்டு. வலி இடுப்பில்தான் வரும் என்றில்லை. தொடை இடுக்கில் வரும், முட்டியிலும் வரும். நொண்டினாலோ, ராத்திரி வலியில் விழித்தாலோ பயிற்சி எல்லாவற்றையும் (மாத்திரையை அல்ல) நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். "எக்ஸ்ரே நார்மல்" என்று அனுப்பினால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். கேட்கத் தயங்கி மாதக்கணக்கில் தவித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இந்த வலி தெளிவாகும்வரை குதிப்பதும் ஓடுவதும் கூடாது.

இவ்வளவு பெரிய ஃபைலில் "பிசியோதெரபி" என்று ஒரு வரி எழுத யாருக்கும் நேரமில்லை. நடக்க முடியாமல் போன பிறகுதான் பிசியோதெரபிஸ்டுகளான எங்களைக் கூப்பிடுகிறார்கள். அடுத்த ஓ.பி. நாளில் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) எண்ணிக்கையைக் காட்டி, எவ்வளவு பயிற்சி செய்யலாம் என்றும் கேளுங்கள். நடக்கும்போது செருப்பு கழல்கிறதா என்று இன்றே கவனியுங்கள். புற்றுநோய்க்குப் போடும் வின்கிரிஸ்டின் ஊசி நரம்பைப் பாதித்தால் பாதம் தொங்கும். அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.