ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப், கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஸ்டுட்கார்ட்டில் மெக்கானிக்கல் எம்.எஸ்ஸி., மூன்றாம் செமஸ்டர். ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு அறுபது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்துவிட்டாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ராத்திரியில் போன் செய்து அழுகிறாள். மார்க் போதவில்லையா, நம் நிறம்தான் காரணமா? நாற்பதாயிரம் கொடுத்தால் சி.வி.யைச் சரிசெய்து தருவதாக இங்கே ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? இல்லை, திரும்பி வரச் சொல்லிவிடட்டுமா?

ஒரு தந்தை, திருப்பூர்

அன்புள்ள ஐயா,

திரும்பி வருவதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். கன்சல்டன்சிக்குக் காலணா கொடுக்காதீர்கள். நிறம் பார்ப்பவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் அறுபது இடத்திலும் கதவு சாத்தியதற்கு வேறு காரணம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவள் பார்த்த விளம்பரங்களின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லுங்கள். பலவற்றில் ‘ஃப்ளிக்ட்பிராக்டிகும்’ என்று இருக்கும். பாடத்திட்டமே கேட்கிற கட்டாயப் பயிற்சி அது. அதற்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. நாமாக விரும்பிச் செய்கிற பயிற்சிக்கு மூன்று மாதம் வரைதான் விலக்கு. ஒப்பந்தம் அதைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே கூலி. 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ, வாரம் நாற்பது மணி நேரம் என்றால் மாதம் ஏறக்குறைய 2,400. எந்த எச்.ஆர். இதற்குச் சம்மதிப்பார்? சி.வி.யைத் திறக்காமலே ஒதுக்கிவிடுவார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்கள் மகளைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் 120. கட்டாயப் பயிற்சி இதில் சேராது, விருப்பப் பயிற்சி சேரும். செமஸ்டர் நடக்கும்போது முழுநேரமாகப் போனால் அந்த நாட்களில் பெரும்பகுதி கரைந்துவிடும். அப்புறம் சனிக்கிழமை கஃபே வேலைக்குக்கூட அதிக இடம் இருக்காது.

இதெல்லாம் ரகசியமா? சேர்ந்த அன்றே பல்கலைக்கழகத் தளத்தில் தேர்வு விதிகளும் பாடக் கையேடும் பி.டி.எஃப். ஆகக் கிடக்கின்றன. நம் பிள்ளைகள் அதைத் திறக்கமாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் சீனியர் அண்ணனைக் கேட்பார்கள். அந்த அண்ணன் படித்ததோ வேறு துறை, வேறு விதி! பி.எஸ்ஸி.யில் பயிற்சி கட்டாயமாக இருக்கும், அதே துறையின் எம்.எஸ்ஸி.யில் இருக்காது. சில இடங்களில் கிரெடிட் தரும் விருப்பப்பாடமாக இருக்கும். அது கட்டாயக் கணக்கில் சேருமா என்பதைத் துறைதான் சொல்ல வேண்டும். ‘சேரும்’ என்றால், எத்தனை வாரம் என்று குறிப்பிட்டு, முத்திரையோடு கடிதம் வாங்கிக்கொள்ளட்டும். சி.வி., மார்க் பட்டியல், மாணவர் சான்றிதழோடு அதையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, ‘இது கட்டாயப் பயிற்சி’ என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும். இதை இருபது தடவை சொன்னாலும் தகும்.

‘சேராது’ என்றால் ஆறு மாதம் கேட்பதை விட்டுவிடட்டும். விடுமுறையில் மூன்று மாதம் கேட்கலாம். செமஸ்டரில் வாரம் இருபது மணி நேர ‘வெர்க்ஷ்டூடண்ட்’ வேலை, அதாவது படித்துக்கொண்டே செய்கிற பகுதிநேர வேலை, தேடலாம். அதற்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு, மாதம் 1,200 யூரோ தேறும். தீசிஸையே கம்பெனியில் செய்யலாம், ஆனால் முதலில் ஒரு பேராசிரியர் தலைப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். கம்பெனியைப் பிடித்துவிட்டுப் பேராசிரியரைத் தேடி அலைபவர்கள்தான் அதிகம்.

ஜெர்மன் மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை. பி1, அதாவது இடைநிலைத் தேர்வு, முடித்தாளா?

அழுகிற பெண்ணிடம் மார்க்கைப் பற்றிப் பேசாதீர்கள், ஐயா. பயிற்சி கட்டாயக் கணக்கில் சேருமா என்று கேட்டு, தேர்வு அலுவலகத்துக்கு நாளைக்கே மெயில் போடச் சொல்லுங்கள், மெட்ரிகுலேஷன் எண்ணையும் (பல்கலைக்கழகத்தில் அவளுடைய பதிவு எண்) மறக்காமல் எழுதி.