துருக்கியின் ஏழு சபைகள்: பெற்றோருடன் குழுச் சுற்றுலாவில் செல்லலாமா?

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளின் ஊர்களைப் பார்க்க, வயதான பெற்றோரைக் குழுச் சுற்றுலாவில் துருக்கிக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் என் அம்மாவுடன் ஓர் அக்டோபர் மாதத்தில் அப்படிச் சென்று வந்தேன். தாராளமாகச் செல்லலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பெற்றோரிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். சபை என்று வேதத்தில் இருப்பது விசுவாசிகளின் கூட்டத்தை, கட்டடத்தை அன்று. யோவான் அந்தப் புத்தகத்தை எழுதிய காலத்து ஆலயம் எதுவும் அங்கே நிற்கவில்லை. இதை அறியாமல் வந்த சிலர், தியத்தீராவில், அதாவது இன்றைய அகிசார் நகரின் கடைத்தெருக்களுக்கு நடுவே வேலியிட்ட சிறிய இடிபாட்டைப் பார்த்து, இதற்காகவா வந்தோம் என்று சோர்ந்துபோனார்கள். பிலதெல்பியாவிலும் பிற்காலத்து ஆலயம் ஒன்றின் பருத்த தூண்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

எபேசுவுக்கு அரை நாளாவது வேண்டும். மேல்வாசல் வழியாக நுழைந்து கீழ்வாசலில் வெளியேறும்படி கேளுங்கள். பாதை முழுவதும் இறக்கமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவே எளிது. பளிங்குக் கற்கள் தேய்ந்து வழுக்கும், நிழலும் குறைவு. செல்சுஸ் நூலகத்தின் முகப்பைத் தாண்டினால், ஏறத்தாழ 25,000 பேர் அமரக்கூடிய அரங்கம் வரும். "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று தங்கள் பெண் தெய்வத்தைப் புகழ்ந்து ஜனங்கள் இரண்டு மணி நேரம் கூச்சலிட்டதாக அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம் சொல்லும் இடம் அதுதான். அங்கிருந்து துறைமுகத்துக்கு நேராகச் செல்லும் வீதி இன்றும் தெரிகிறது. துறைமுகம் வண்டலால் தூர்ந்து, கடல்தான் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. அந்தத் தியானாளின் கோயிலோ, சிதறிய துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூணாகச் சதுப்பு நிலத்தில் நிற்கிறது. அம்மா அதன் எதிரே வெகுநேரம் பேசாமல் நின்றிருந்தார்.

எனக்கு இன்றுவரை ஆறாத மனக்குறை லவோதிக்கேயாதான். வழியில் ஒரு தோல் ஆடைக் கடையில் எங்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்த வழிகாட்டி, இந்த ஊருக்கு நாற்பது நிமிடம்தான் கொடுத்தார். ஏழு ஊர்களில் வேத வசனம் மண்ணோடு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் இடம் வேறில்லை என்பது என் எண்ணம். அங்கே நின்று வடக்கே பார்த்தால், எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள் படியவைத்த வெண்ணிறச் சரிவு, இன்றைய பமுக்கலே, பளிச்சென்று தெரியும். தென்கிழக்கே கொலோசெ, குளிர்ந்த நீருக்குப் பெயர் பெற்றது. நடுவில் இருந்த லவோதிக்கேயாவோ குழாய்களின் வழியே தண்ணீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. உட்புறத்தில் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்த அந்தக் குழாய்களை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். வெளிப்படுத்தின விசேஷத்தில் இந்த ஊர்ச் சபைக்கு வரும், அனலும் குளிருமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்ற கண்டனத்தைப் பல ஆய்வாளர்கள் இந்த நீரோடு இணைத்து விளக்குகிறார்கள். கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்த நகரத்தை, ரோமின் உதவியின்றித் தன் செல்வத்தைக் கொண்டே மீட்டெடுத்த ஊர் இது. "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அதன் வாயில் வைக்கப்பட்ட சொல்லை அங்கே வாசித்தால் வேறு விதமாகக் கேட்கிறது.

ஆகையால் பயண நிரலில் லவோதிக்கேயாவுக்கு இரண்டரை மணி நேரமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். கடை நிறுத்தங்களைக் குறைக்க இசையாத நிறுவனம் என்றால் வேறொன்றைத் தேடுங்கள். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் மாதங்களில் செல்லுங்கள். தமிழ் வேதாகமம் ஒன்றைக் கைப்பையிலேயே வைத்திருங்கள், பெட்டியில் வைத்தால் அது பேருந்தின் அடியிலேயே கிடக்கும்.