வாசகர் கேள்வி–பதில்: தலைமைப் பொறுப்பு

கேள்வி: கடல்பாசி எடுக்கும் பதினான்கு பெண்கள் கொண்ட குழுவுக்கு நான் தலைவி. மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று பேசி வைத்திருக்கிறோம். இரண்டு பேர் மீறுகிறார்கள். ஒருவர் என் நாத்தனார். கண்டித்தால் வீட்டில் சண்டை, விட்டால் குழுவில் சண்டை. என்ன செய்வது?
– வாசகி, ஏர்வாடி

பதில்: 12 நாள் என்று பேசினீர்கள், சரி. எந்த 12 நாள் என்று பேசினீர்களா? மாதக் கடைசிக் கூட்டத்திலேயே அடுத்த மாதத் தேதிகளை நீர்வற்றம் பார்த்துக் குறித்து, தீர்மான நோட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். காற்றடித்து ஒரு நாள் போனால் அதற்கு ஈடு எந்த நாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மீறல் பெரும்பாலும் அந்த ஓட்டை வழியாகத்தான் நுழையும்.

அபராதத் தொகையை யாரும் மீறாத மாதத்தில் முடிவு செய்யுங்கள். மீறிய பிறகு பேசினால், ஆளைப் பார்த்து வைத்த அபராதம் என்பார்கள். பணத்தை நீங்கள் கையால் வாங்க வேண்டாம். வேறொருவர் வாங்கிக் குழுச் சேமிப்பில் வரவு வைக்கட்டும். முதலில் கட்டுவது நாத்தனாராக இருக்கட்டும். அவரை விட்டுவிட்டு மற்றவரிடம் கேட்டீர்களானால், அப்புறம் நீங்கள் சொல்வது எடுபடாது.

அதற்கு முன் அவரிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரா? கடன் நெருக்குகிறவரை அபராதம் நிறுத்தாது. குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்து அதை அடைக்கப் பாருங்கள். விடுப்பு நாளில் வரும் பாசியை எடை போட வேண்டாம் என்று வியாபாரியிடமும் பேசுங்கள். தனியாகப் போகாமல் பதினான்கு பேரும் போங்கள். இரும்புத் தகட்டால் சுரண்டுவதையும் தடுங்கள். பாறையில் அடிப்பகுதி நின்றால்தான் பாசி திரும்ப வளரும். அது போய்விட்டால் நாள் கணக்கு பார்த்து என்ன பயன்?

கேள்வி: எங்கள் நாட்டுப்படகை ஓட்டும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. கூட வரும் நால்வரில் மூவர் மூத்தவர்கள், ஒருவர் தாய்மாமன். வானம் மாறினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், பாம்பன்

பதில்: நடுக்கடலில் பஞ்சாயத்து வைக்க முடியாது. எப்போது திரும்புவது என்பதைக் கரையிலேயே பேசி முடியுங்கள். டீசலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. போகிற பங்கு தீர்ந்தால் மீன் பட்டாலும் படாவிட்டாலும் திரும்ப வேண்டும். மீன்வளத்துறை போகக் கூடாது என்று அறிவித்த நாளில் பேச்சே இல்லை.

"எந்தப் பக்கம் வானம் கருத்தால் வலையை எடுக்கணும், மாமா?" என்று புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள். அவர் சொன்ன அடையாளத்தை வைத்தே நீங்கள் உத்தரவு போடும்போது எதிர்த்துப் பேச அவருக்கு மனம் வராது. கடலில் "வலையை எடுங்க" என்பதோடு நிறுத்துங்கள். காரணம் கரைக்கு வந்த பிறகு. புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் சறுக்குவது, ஒருவர் முணுமுணுத்ததும் சொன்னதை மாற்றும்போதுதான். உயிர்காப்புச் சட்டையை முதலில் நீங்கள் போடுங்கள் (உட்கார மெத்தையாக்கிக் கொள்கிறவர்களும் உண்டு!). விஎச்எஃப் என்ற கம்பியில்லாப் பேச்சுக் கருவியில், ஆபத்தில் அழைப்பதற்கான 16-ஆம் சேனலைப் போட்டுப் பேச நால்வருக்கும் கற்றுக் கொடுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண் எல்லோர் செல்போனிலும் இருக்கட்டும். தவறி விழுவது நீங்களாகவும் இருக்கலாம் அல்லவா?

கேள்வி: மேடையில் பேச வராதவர் மீனவர் சங்கத் தலைவராகலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: தாராளமாக. பேசுவதற்குச் செயலாளர் இருக்கிறார். விசைப்படகு உங்கள் வலையை அறுத்துவிட்டால் அந்தப் படகின் பதிவு எண், நேரம், இடம், சேதம் நான்கையும் அன்றே எழுதி வாங்கத் தெரிய வேண்டும். இவை இல்லாத மனுவை வைத்து அதிகாரி எதுவும் செய்ய முடியாது.