ரெண்டு வருஷமா ட்ரை பண்றேன், மாறவே இல்ல

கேள்வி: சார், ரெண்டு வருஷமா மோட்டிவேஷன் வீடியோ பாக்கறேன், கோர்ஸ்க்கு பணம் கட்டுறேன், நோட்டு நோட்டா எழுதறேன். ஆனா ஆள் அப்படியேதான் இருக்கேன், ஏன்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: தம்பி, கேக்கறப்போ வர்ற சூட்டையே மாற்றம்னு நெனச்சுக்கறோம், அங்கதான் சறுக்குது. காலைல அஞ்சுக்கு எந்திரிக்கணும்னு எழுதி வெச்சுட்டு செல்போன தலகாணிக்கு அடியிலயே வெச்சு படுத்தா எப்படி? லண்டன்ல 96 பேர வெச்சு பண்ணி 2010ல வந்த ஆய்வுல ஒரு சின்ன பழக்கம் தானா வர்றதுக்கு சுமாரா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18லேர்ந்து 254 வரைக்கும் போச்சு, நடுவுல ஒருநாள் விட்டதால பெருசா ஒண்ணும் கெடல. நாம பத்தாம் நாளே விட்டுடறோம். கிருஷ்ணகிரி பக்கம் ஒட்டு மாங்கன்னு வெச்சவங்க மறுவாரமே காய் தேடறாங்களா? ராத்திரி சாப்பிட்டு கை கழுவினதும் பத்து நிமிஷம் நட, அத மட்டும் புடிச்சுக்க, நோட்டெல்லாம் பரண்ல போடு. ரெண்டு மாசம் கழிச்சு கண்டிப்பா எழுதுப்பா.