பாட்டுக்குள் ஒளித்து வைத்தவை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டூல் குழுவின் 'லேட்டரலஸ்' பாட்டுக்குள் ஃபிபனாச்சி எண் வரிசை இருக்கிறது என்று நண்பர்கள் சத்தியம் செய்கிறார்கள். நிஜமா, இல்லை ரசிகர்களே இழுத்து ஒட்டவைத்ததா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: நிஜம்தான், உங்கள் காதாலேயே சரிபார்க்கலாம். மேனார்ட் ஜேம்ஸ் கீனன் பாட ஆரம்பிக்கும் இடத்தில் விரல் விட்டு அசைகளை எண்ணுங்கள். 'பிளாக்' என்று ஒரு அசை, சின்ன இடைவெளி, 'தென்' என்று இன்னொன்று, அப்புறம் இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, அங்கிருந்து திரும்பி ஐந்து, மூன்று என்று இறங்குகிறார். இன்னோரிடத்தில் 13 வரை ஏறுகிறது. முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும், ஃபிபனாச்சி என்பது அவ்வளவுதான். இது தற்செயல் இல்லை என்று நான் அடித்துச் சொல்லக் காரணம், அவர் நிறுத்துகிற இடங்கள் பொருள் முடிகிற இடங்கள் அல்ல. வாக்கியத்தின் நடுவில், சாதாரணமாக யாரும் மூச்சு விடாத இடத்தில் விடுகிறார், எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்பதற்காகவே. வரிகளிலும் சுருள் சுருளாக வெளியே விரிவதைப் பற்றித்தான் பாடுகிறார், அதனால் கணக்கும் பொருளும் ஒன்றாகவே நடக்கின்றன.

2001-இல் வந்த பாட்டு இது. இதன் முக்கிய ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, தாள அளவில் 9/8, 8/8, 7/8 என்று ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போவதால் முதலில் இதற்கு 9-8-7 என்றே பெயர் வைத்திருந்தார்கள். 987 அந்த வரிசையின் 16-வது எண்ணாகவும் அமைந்துவிட்டது. குரல் தொடங்குவது 1 நிமிடம் 37 விநாடியில், நிமிடமாக மாற்றினால் 1.617, அதாவது இந்த வரிசையின் அடுத்தடுத்த எண்களை வகுத்தால் நெருங்கி வரும் தங்க விகிதம் என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. நிமிடத்தை விட்டுவிட்டு விநாடியில் சொன்னால் வெறும் 97. அளவுகோலை மாற்றியதும் காணாமல் போகிற ரகசியத்தை டூல் குழு வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இத்தாலியில் ஃபிபனாச்சியின் புத்தகம் 1202-இல் வந்தது. அதற்கு முன்பே இந்தியாவில் யாப்பு இலக்கணம் எழுதியவர்கள், 12-ஆம் நூற்றாண்டின் ஹேமச்சந்திரர் உட்பட, இதே வரிசையைக் கண்டிருக்கிறார்கள், அதுவும் அசைகளை எண்ணித்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மூன்று மாத்திரையைக் குறிலும் நெடிலுமாக நிரப்ப 3 வழி, நான்கு மாத்திரைக்கு 5, ஐந்துக்கு 8. ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு லேட்டரலஸைக் கேட்டால் எனக்கு அந்தக் குரல் நம்முடைய பழைய கணக்கு ஒன்றைத் திருப்பிச் சொல்வது போலவே இருக்கிறது.

கேள்வி: டிரீம் தியேட்டர் குழுவின் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' ஆல்பத்தின் கடைசியில் என்னதான் நடக்கிறது சார்? நிக்கலஸ் செத்துப் போகிறானா இல்லையா? ஒரு அலறல், அப்புறம் வெறும் இரைச்சல், அவ்வளவுதான் கேட்கிறது.
- வாசகி, திருச்சி

பதில்: கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நிக்கலஸ் என்ற இளைஞன் ஹிப்னாடிச சிகிச்சைக்குப் போய், முற்பிறவியில் தான் 1928-இல் கொலையுண்ட விக்டோரியா என்று தெரிந்துகொள்கிறான். அவளைக் காதலித்த ஜூலியன்தான் கொன்றான் என்று ஊர் நம்புகிறது. உண்மையில் விக்டோரியா, ஜூலியன் இருவரையும் கொன்றவன் ஜூலியனின் அண்ணன் தம்பி உறவான எட்வர்ட்.

இனி 'ஃபைனலி ஃப்ரீ' என்ற கடைசிப் பாட்டை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். கொலை நடக்கும் இடத்தில் எட்வர்ட், "கண்ணைத் திற, விக்டோரியா" என்கிறான். பாட்டு முடிந்த பிறகு நிக்கலஸ் காரில் வீட்டுக்கு வருகிறான், டி.வி. போடுகிறான், செய்தியில் கென்னடி குடும்பத்துக்கு இன்னொரு துயரம் என்பது போல ஏதோ ஓடுகிறது. ஜான் கென்னடியின் மகன் விமான விபத்தில் இறந்தது 1999 ஜூலையில், ஆல்பம் வந்தது அதே ஆண்டு அக்டோபரில். ஆக, கதையின் கடைசி இரவு எது என்றுகூட நமக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு சிகிச்சையாளரின் குரல்: "கண்ணைத் திற, நிக்கலஸ்." அதே வார்த்தைகள். அந்தச் சிகிச்சையாளர்தான் எட்வர்டின் மறுபிறவி, கொலை மறுபடியும் நடந்துவிட்டது. பிறகு வந்த நியூயார்க் கச்சேரி வீடியோவில் இதைக் காட்சியாகவே காட்டிவிட்டார்கள். எனக்கு அது காட்டப்படாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும், அந்த ஒரு வாக்கியமே போதும்.

நீங்கள் சொன்ன இரைச்சல் வீணாகப் போகவில்லை. 2002-இல் வந்த அடுத்த ஆல்பம் அதே இரைச்சலில்தான் தொடங்குகிறது. அந்த ஆல்பத்தின் கடைசி ஒலி அதற்கடுத்த 'டிரெயின் ஆஃப் தாட்' ஆல்பத்தின் முதல் ஒலி, அதன் கடைசி பியானோ சுரம் 2005-இன் 'ஆக்டவேரியம்' ஆல்பத்தின் முதல் சுரம்.

கேள்வி: டிரீம் தியேட்டரின் ஆக்டவேரியத்தில் 5, 8 என்ற எண்கள் எங்கு பார்த்தாலும் வருகின்றனவாமே?
- கீபோர்ட் கற்பவர், மதுரை

பதில்: கீபோர்ட் கற்பவர் என்பதால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒரு ஆக்டேவில், அதாவது ஒரு ஸ்தாயியில், இரு முனைகளையும் சேர்த்து வெள்ளைக் கட்டை 8, கருப்பு 5. இது அவர்களின் 8-வது ஸ்டுடியோ ஆல்பம், 8 பாட்டு. முதல் பாட்டு எஃப் சுருதி, அடுத்தது ஜி, அதற்கடுத்தது ஏ என்று வெள்ளைக் கட்டைகளில் ஏறி, 24 நிமிட கடைசிப் பாட்டில் மேல் எஃப் வந்து சேர்கிறது. அட்டைப் படத்தில் கயிற்றில் தொங்கும் 8 உருண்டைகள், நடுநடுவே 5 பறவைகள். கடைசிப் பாட்டு முடிகிற இடம் முதல் பாட்டின் தொடக்கத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது, திரும்பப் போட்டால் வட்டம் நிற்காது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: 'டிரெயின் ஆஃப் தாட்'டின் கடைசிப் பாட்டில் மோர்ஸ் குறியீடு, அதாவது புள்ளியும் கோடுமாக எழுத்துகளைச் சொல்லும் முறை, இருப்பதும் உண்மை. டிரம்மர் மைக் போர்ட்னாய் ஏதோ ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்ல, ரசிகர்கள் தேடிப் பிடித்தார்கள். பெயர்த்துப் பார்த்தால் அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு கொச்சை வசவு, அச்சில் போட முடியாது. அதைக் கண்டுபிடித்ததால் பாட்டு வேறு மாதிரி கேட்கப் போவதில்லை, ஆகவே எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை.

கேள்வி: டூலின் '10,000 டேஸ்' ஆல்பத்தில் மூன்று பாட்டை ஒன்றாக ஓடவிட்டால் புதுப் பாட்டு வரும் என்கிறார்களே?
- வாசகர், சேலம்

பதில்: 'விங்ஸ் ஃபார் மேரி' 6:11, 'விஜின்டி ட்ரெஸ்' 5:02. கூட்டினால் 11:13, தலைப்புப் பாட்டின் நீளம் சரியாக அதேதான். முதல் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, தலைப்புப் பாட்டை அதன் மேல் ஏற்றினால் சில இடங்களில் நன்றாகவே பொருந்துகிறது, கேட்டுப் பாருங்கள். ஆனால் நேரக் கணக்கை விட எனக்கு அந்தத் தலைப்புதான் பெரிது. மேனார்டின் அம்மா ஜூடித் மேரி பக்கவாதத்தால் முடங்கி, கிட்டத்தட்ட 27 வருடம் அப்படியே வாழ்ந்து 2003-இல் இறந்தார். 27 வருடத்தை நாளாக்கினால் சுமார் 10,000 வரும். இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டைச் சும்மா ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்க என்னால் முடிவதில்லை.

கேள்வி: மிருதங்கம் படித்தவன் நான். மெஷுகா குழுவின் பாட்டுக்குத் தாளம் போட்டால் இரண்டாவது சுற்றிலேயே கை தவறுகிறது. எத்தனை அட்சரம் அது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் நாலுதான்! கிட்டாரையும் காலால் அடிக்கும் டிரம்மையும் பின்தொடர்வதால்தான் தவறுகிறது. அவை வேறொரு நீளத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். டிரம்மர் தாமஸ் ஹாக்கேவின் கை சிம்பலில் போடும் தட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், அது 4/4-ஐ விட்டு நகராது. ரிஃப் அதன் மேல் தள்ளித் தள்ளி விழுந்து, பல சுற்று கழித்து வெட்டப்பட்டுச் சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் தட்டுக்கு, வரும். உங்களுக்குக் கோர்வை, அதாவது கணக்குப் போட்டு வாசித்துச் சரியான இடத்தில் முடிக்கும் சொற்கட்டு, பழக்கம் இருக்கும் என்பதால் அந்த இடம் முன்கூட்டியே தெரிந்துவிடும். 'பிளீட்' பாட்டில் ஆரம்பியுங்கள், முதலில் கையில் நாலை மட்டும் போட்டு, காலைச் சும்மா விட்டு.