நூறு சதவீதம் பருத்தி, சரி... சாயம்?

கேள்வி: 'பூமிக்கு உகந்த உடைகள்' என்று விளம்பரம் செய்யும் ஒரு ஆன்லைன் நிறுவனத்தில் மூன்று துணிகள் வாங்கினேன். டாப்ஸ் லேபிளில் '100% ஆர்கானிக் காட்டன்', குர்தியில் 'மூங்கில் துணி', டீ-ஷர்ட்டில் '60% மறுசுழற்சி பாலியெஸ்டர், 35% காட்டன், 5% எலாஸ்டேன்' என்று போட்டிருக்கிறது. துணியில் என்ன கலந்திருக்கிறது என்பதை வைத்தே ஒரு கம்பெனி சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று முடிவு செய்யலாமா? டீ-ஷர்ட்டைத் திருப்பி அனுப்பிவிடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: லேபிளைப் புரட்டிப் பார்க்கிறீர்களே, அதற்கே ஒரு சபாஷ். ஆனால் அதில் எழுதியிருப்பது துணி எதில் பிறந்தது என்ற விவரம் மட்டும்தான்.

மூங்கிலில் தொடங்குகிறேன், நிறைய பேர் ஏமாறுவது அங்கேதான். மூங்கில் மளமளவென்று வளரும், பூச்சிமருந்தும் அதிகம் கேட்காது, அதெல்லாம் உண்மை. ஆனால் கடையில் வழுவழுவென்று கிடைக்கும் மூங்கில் துணி பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது ஜவுளிக்கடைக்காரர் ரேயான் என்று எடுத்துப் போடுவாரே, அதேதான். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்பைடு இரண்டின் உதவியோடு கரைத்து, அமிலத் தொட்டிக்குள் இழையாக இழுக்கிறார்கள். கார்பன் டைசல்பைடு நரம்பைப் பாதிக்கும் நஞ்சு. ஆலை அதைப் பிடித்து மீண்டும் பயன்படுத்துகிறதா, காற்றில் விடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரேயானை மூங்கில் என்று விற்றதாக வால்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள்மேல் 2022இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. 'லையோசெல்' என்று போட்டிருந்தால் நான் ஒரு மார்க் கூடப் போடுவேன். அதுவும் மரக்கூழ்தான், ஆனால் அதைக் கரைக்கும் திரவத்தை ஏறக்குறைய முழுவதுமாக மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது உங்கள் காட்டன் டாப்ஸ். ஆர்கானிக் என்ற சொல் வயலைப் பற்றியது. வயலைத் தாண்டியதும் துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. திருப்பூர்க்காரர்களிடம் இதை விளக்கவே வேண்டாம். நொய்யலில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கு ஆகாமல் போனதே, அந்தப் பட்டறைகளில் சாயம் ஏறியது பெரும்பாலும் பருத்திப் பனியன் துணிக்குத்தான். லேபிளில் '100% காட்டன்' என்றுதான் இருந்திருக்கும், அதில் பொய்யும் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் அவை மறுபடி இயங்க முடிந்தது. அதற்கு முன்பு சாயம் ஏற்றிய துணியையும் பின்பு ஏற்றிய துணியையும் லேபிளை வைத்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அதனால் டாப்ஸில் 'காட்ஸ்' (ஜிஓடிஎஸ்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது பருத்தியோடு நிற்காமல் சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலைமை வரை பார்க்கும் சான்று. 'ஆர்கானிக்' என்ற வகைக்குக் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை வேண்டும். அடுத்த படிக்கு 70 போதும். முத்திரையோடு ஒரு உரிம எண் இருக்கும், அதை அவர்கள் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். ஓசிஎஸ் என்று இருந்தால் அது துணியில் ஆர்கானிக் இழை எவ்வளவு இருக்கிறது என்பதற்கான சான்று மட்டுமே. ஓய்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்றால், கைக்கு வந்த துணியில் உங்கள் உடம்புக்குத் தீங்கான ரசாயனம் வரம்பைத் தாண்டவில்லை என்று அர்த்தம். ஆற்றைப் பற்றி அது பேசவே பேசாது. மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்பவர்கள் நிறைய.

கம்பெனியை எடைபோட வேண்டுமென்றால் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சாயம் எந்த ஊரில் போடுகிறீர்கள், கழிவுநீரை என்ன செய்கிறீர்கள், உங்கள் மொத்த உற்பத்தியில் இந்த ஆர்கானிக் துணி எவ்வளவு? இந்த மூன்றே கேள்விதான். ஊர்ப் பெயரோடு பதில் வந்தால் நம்பலாம் என்ற பக்கம் சாய்வேன். 'இயற்கையை நேசிக்கிறோம்' என்று வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

டீ-ஷர்ட் விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரிதான். மறுசுழற்சி பாலியெஸ்டர் பெரும்பாலும் பழைய தண்ணீர் பாட்டிலிலிருந்து வருகிறது. பாட்டிலாகவே இருந்திருந்தால் மறுபடி பாட்டிலாக்கியிருக்கலாம்; துணியாகிப் பருத்தியோடும் எலாஸ்டேன் என்ற இழுவை இழையோடும் கலந்தபின் பிரிப்பது பெரும்பாடு. துவைக்கும்போது புது பாலியெஸ்டரைப் போலவே இதிலிருந்தும் நுண்ணிழை உதிரும்.

ஆனாலும் திருப்பி அனுப்ப வேண்டாம், தைத்தது தைத்ததுதான். பச்சைத் தண்ணீரில் துவைத்து, வெளுத்துப் போகும்வரை போடுங்கள். அப்புறம் வண்டி துடைக்க எடுத்துவைக்க நினைத்தால் அதற்கு மட்டும் டாப்ஸை வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் சரியாகத் தண்ணீர் உறிஞ்சாது.