கேமரா யார் கணக்கில் இருக்கிறது? வைஃபை கேமரா கேள்வி பதில்

பதினான்கு வருடமாக மதுரைப் பக்கம் வீடுகளிலும் கடைகளிலும் கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறேன். வந்த கேள்விகளில் என்னால் முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் முதலில் வந்ததற்கு மட்டும் விளக்கமான பதில்.

கரூர், மளிகைக் கடை: புதுக் கேமராவை ஆப்பில் சேர்க்கும்போது 'வைஃபையில் இணைய முடியவில்லை' என்றே வருகிறது. அதே வைஃபையில் ஃபோன் நன்றாக ஓடுகிறது. கேமரா பழுதா?

பழுதாக இருக்காது. வைஃபை 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வரும். பெரும்பாலான வீட்டுக் கேமராக்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கிறது என்று நினைக்கிறேன். ஃபோன் வேகமான 5-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். கேமராவோ அந்தப் பக்கமே வராது. ரவுட்டர் செட்டிங்ஸில் 5-ஐப் பத்து நிமிடம் அணைத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்த பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அப்படியும் வரவில்லையா, ரவுட்டரில் பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய கேமராக்களுக்கு அது ஆகாது, டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள்.

இன்னொன்று. ஏணியில் ஏறி மாட்டிவிட்டு அப்புறம் வைஃபை தேடாதீர்கள். ரவுட்டர் பக்கத்திலேயே மேஜையில் வைத்துச் சேர்த்துவிட்டு, பிறகு மாட்டும் இடத்துக்குக் கையில் கொண்டுபோய் சிக்னல் பாருங்கள். சில ஆப்களில் சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற கணக்கில் காட்டும். மைனஸ் 60 வந்தால் ஜோர். மைனஸ் 70-க்குக் கீழே போனால் இன்றைக்கு ஓடும், மழை நாளில் காலை வாரும். கான்கிரீட் சுவர் இரண்டு தாண்டினாலே 2.4-க்கும் மூச்சு வாங்கும்.

முக்கியமானது: ஆப்பில் முதலில் சேர்ப்பது உங்கள் ஃபோனிலும் உங்கள் கணக்கிலும் இருக்கட்டும். ஏன் என்று கீழே திருச்சிக்காரர் கேள்வியில் சொல்கிறேன்.

நாகர்கோவில்: வாசல் கேமரா பகலெல்லாம் ஓடுகிறது. இரவு ஏழு மணிக்கு மேல் தானாக அணைந்து அணைந்து எரிகிறது. இரண்டு முறை கேமராவை மாற்றியும் அதேதான்.

கேமராவை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். இருட்டியதும் கேமராவைச் சுற்றியுள்ள இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். அப்போது அது இழுக்கும் கரண்ட் பகலைவிட நன்றாகவே கூடும். அடாப்டர் மட்டமானதாக இருந்தாலோ, அடாப்டர் ஹாலில் இருந்து மெல்லிய வயர் இருபது இருபத்தைந்து மீட்டர் ஓடி வாசலுக்கு வந்தாலோ, வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். 12 வோல்ட் கேமரா கொஞ்சம் தாங்கும். 5 வோல்ட் கேமராவுக்கு ஒன்றரை வோல்ட் குறைந்தாலே கதை முடிந்தது. அணையும், விளக்கு அணைந்ததால் கரண்ட் தேவை குறையும், மறுபடி எழும், விளக்கு எரியும், அணையும். விடிய விடிய இதே கூத்து.

சரிசெய்வது எளிது. எலக்ட்ரீஷியனை வைத்து 230 வோல்ட் லைனைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து, மழை படாத பெட்டிக்குள் அடாப்டரை வையுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே கோளாறுக்கு மூன்று கேமரா மாற்றியிருக்கிறேன். நான்காவதாக அடாப்டரை மாற்றினேன்.

தேனி: வயர்லெஸ் என்றால் வயரே வேண்டாம்தானே?

வீடியோவுக்கு வயர் வேண்டாம், கரண்டுக்கு வேண்டும். பேட்டரி கேமரா தனி ரகம்: பெரும்பாலும் ஆள் நடமாட்டம் தெரிந்தால்தான் விழித்துப் பதியும், நாள் முழுக்கப் பதியாது.

ஈரோடு: 128 ஜிபி கார்டு எத்தனை நாள் தாங்கும்?

கணக்கு நீங்களே போடலாம். 2 மெகாபிக்சல் கேமரா சுமாராக 2 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 2 மெகாபிட் பதியும் என்று வையுங்கள். மணிக்கு 900 எம்பி, நாளுக்கு 21.6 ஜிபி. ஆக, ஆறு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. வீடியோவைச் சுருக்கும் எச்.265 என்ற முறைக்கு மாற்றினால் கிட்டத்தட்ட பாதி இடம் போதும். பத்து நாளுக்கு மேல் வரும். நிரம்பியதும் பழையதை அழித்துவிட்டு அதன்மேல் எழுதும்.

ஆனால் உங்கள் கவலை நாட்களைப் பற்றி இருக்கக் கூடாது, கார்டைப் பற்றி இருக்க வேண்டும். ஃபோனுக்கு விற்கும் சாதாரண கார்டு இரவும் பகலும் எழுதினால் தேய்ந்து செத்துவிடும். கேமராவுக்கென்றே 'ஹை எண்டியூரன்ஸ்' என்று வருகிறது, அதை வாங்குங்கள். போலிக் கார்டும் ஏராளம்: 128 என்று போட்டிருக்கும், உள்ளே 16 இருக்கும். கம்ப்யூட்டரில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் பார்த்துவிட்டே கேமராவில் போடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஜவுளிக் கடையில் கல்லா உடைந்த மறுநாள் காலை ஆப்பைத் திறந்தார்கள். நேரலை பளிச்சென்று வந்தது. பதிவு நான்கு மாதத்துக்கு முன்பே நின்றிருந்தது. மாதம் ஒரு முறை, நேற்றைய பதிவு ஓடுகிறதா என்று திறந்து பாருங்கள். நேரலை தெரிவது பதிவாகிறது என்பதற்குச் சாட்சி இல்லை.

சேலம்: கேட்டில் நிற்பவர் முகம் தெரியவில்லை. 'ஃபுல் எச்டி' என்று சொல்லித்தான் விற்றார்கள்.

எச்டி உண்மைதான். ஆனால் அந்தப் புள்ளிகளை எவ்வளவு அகலத்துக்குப் பரப்புகிறீர்கள்? அறிமுகமில்லாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் சொல்ல, மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐரோப்பியத் தர அளவு. உங்கள் படத்தின் குறுக்கே 1920 பிக்சல். வகுத்தால் ஏழே முக்கால் மீட்டர் அகலம் வரைதான் முகம் தேறும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் கிட்டத்தட்ட 100 டிகிரி விரிந்து பார்க்கும். அது மூன்று மீட்டர் தூரத்திலேயே அந்த அகலத்தைத் தொட்டுவிடும். அதாவது பத்தடி. உங்கள் கேட் முப்பதடி தள்ளி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் வந்தார் என்று தெரியும், யார் என்று தெரியாது.

கேட்டுக்கென்று 8 மில்லிமீட்டர் லென்ஸில் தனிக் கேமரா போடுங்கள். எட்டு, ஒன்பதடி உயரம் போதும். திருடன் கைக்கு எட்டக் கூடாது என்று பதினைந்தடியில் மாட்டினால் ஊரில் உள்ள எல்லோருடைய உச்சந்தலையும் பதிவாகும்.

திருச்சி: கேமரா போட்டுக்கொடுத்த டெக்னீஷியனோடு காசுத் தகராறு. அவர் ஃபோனில் இன்னும் எங்கள் வீடு தெரியுமா?

யார் மெயில் ஐடியில், யார் ஃபோனில் முதலில் சேர்த்தீர்கள்? அவருடையதில் சேர்த்து, உங்களுக்கு 'ஷேர்' மட்டும் கொடுத்திருந்தால், தெரியும். சட்டப்படி கேமரா உங்களுடையது, சுவர் உங்களுடையது. ஆப்பைப் பொறுத்தவரை முதலாளி அவர்தான். நீங்கள் விருந்தாளி. அவர் நினைத்தால் உங்களை நீக்கலாம், நீங்கள் அவரை நீக்க முடியாது.

கேமராவில் ஊசி முனையால் அழுத்தும் ரீசெட் பட்டன் இருக்கும். சிலவற்றில் அது போதும். பல கம்பெனிக் கேமராக்களில் ரீசெட் செய்தாலும் பழைய கணக்கோடு உள்ள பிணைப்பு போகாது. அவர் ஆப்பிலிருந்து நீக்க வேண்டும், இல்லையென்றால் பில்லோடு கம்பெனியின் சேவைப் பிரிவைக் கேட்க வேண்டும். முடிந்ததும் பாஸ்வேர்டு மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டையும் சேர்த்து. அதையும் அவர்தான் அடித்துக்கொடுத்திருப்பார். எங்கள் தொழிலில் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. அவசரத்தில் தன் ஃபோனிலேயே முடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் செய்திருக்கிறேன்.

விருதுநகர்: வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன். வேலை செய்யவில்லை.

செய்யாததற்கு நன்றி சொல்லுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் என்றால் இணையத்திலிருந்து நேரே கேமராவுக்கு வர ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்து வைப்பது. இப்போது பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது இணைய முகவரியைப் (ஐபி) பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ரவுட்டரில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுக்கும் அதே கதை. வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் கதவு எது என்றே தெரியாது.

தெரிந்தால் என்ன ஆகும்? 2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தள்ளாடின. அந்தத் தளங்களின் முகவரியைத் தேடித்தரும் 'டைன்' என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கியது 'மிராய்' என்ற நிரல். தாக்கப் பயன்பட்ட படை எது? வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்கள், டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள். மிராய் பெரிய மூளையெல்லாம் செலவழிக்கவில்லை. 'அட்மின்-அட்மின்' மாதிரி கம்பெனி போட்டுக்கொடுத்த பயனர் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தட்டியது. திறந்த வீடெல்லாம் அதன் படைவீடு.

கம்பெனி ஆப் வழியாகவே பாருங்கள். அதை நம்பவில்லை என்றால் வீட்டுக்கு விபிஎன், அதாவது உங்கள் ஃபோனுக்கும் வீட்டு நெட்டுக்கும் இடையே ஒரு ரகசியப் பாதை போடுங்கள். 'வயர்கார்டு' என்ற விபிஎன் உள்ளேயே வரும் ரவுட்டர்கள் இருக்கின்றன, ஆனால் பகிர்ந்த முகவரியில் அது நேரடியாக ஓடாது, 'டெயில்ஸ்கேல்' மாதிரி நடுவில் இணைத்துவைக்கும் சேவை ஒன்று வேண்டும். ரவுட்டரில் யுபிஎன்பி என்று ஒன்று இருக்கும், சாதனங்கள் உங்களைக் கேட்காமலே வெளிக்கதவைத் திறந்துகொள்ள வழிவிடுவது; அதையும் அணைத்து வையுங்கள்.

பொள்ளாச்சி: தென்னந்தோப்பில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை.

சோலாரும் சிம்மும் உள்ள 4ஜி கேமரா. எந்த சிம் அங்கே எடுக்கிறது என்று முதலில் ஃபோனை வைத்துப் பாருங்கள். நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். நாளுக்கு 2 ஜிபி பிளான் இரண்டே கால் மணி நேரத்தில் காலி.

திண்டுக்கல்: வயர் இல்லாமல் வைஃபை கேமரா மாட்ட முடியுமா?

தேனிக்காரருக்குச் சொன்னதைப் படிக்கவும்.

துபாய்: கும்பகோணத்தில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். ஹால், சமையலறை, படுக்கையறை மூன்றிலும் வைக்க வேண்டும். சின்னதாக, கண்ணில் படாததாகச் சொல்லுங்கள். கேட்டால் அப்பா வேண்டாம் என்பார்.

வேண்டாம் என்பார் என்று உங்களுக்கே தெரிகிறது. அப்புறம் என்னை ஏன் கேட்கிறீர்கள்? வாசலிலும் கொல்லைக் கதவிலும் நாளைக்கே போடலாம். ஹாலில், அவர்களிடம் சொல்லி, அவர்கள் கைக்கு எட்டும் சுவிட்சோடு. படுக்கையறைக்கு நான் மாட்ட மாட்டேன்.

கோயம்புத்தூர் (மேலே உள்ளதற்கு): சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். என் அம்மா சமையலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். கேமராவில் பார்த்துப் பக்கத்து வீட்டுக்குப் ஃபோன் போட்டேன். அது இல்லையென்றால் சாயங்காலம் வேலைக்காரம்மா வரும்வரை கிடந்திருப்பார்.

உங்கள் அம்மாவுக்கு அங்கே கேமரா இருப்பது தெரியுமா? தெரியும் என்றால் நமக்குள் சண்டையே இல்லை. நான் எதிர்ப்பது கேமராவை அல்ல, 'கண்ணில் படாததாக' என்பதை.

ஸ்ரீரங்கம், 71 வயது: தம்பி, என் மகன் வைத்திருக்கிறான். சொல்லிவிட்டுத்தான் வைத்தான், நானும் சரி என்றேன். முன்பெல்லாம் தினம் ஃபோன் பண்ணுவான். இப்போது 'அதான் பார்த்துக்கிட்டே இருக்கேனே அம்மா' என்கிறான். அவன் பார்க்கிறான், நான் யாரைப் பார்ப்பது? நடுவில் திடீரென்று அந்தப் பெட்டிக்குள்ளிருந்து 'ஏன் இன்னும் சாப்பிடலை' என்று குரல் வரும். தூக்கிவாரிப் போடுகிறது.

அம்மா, இதற்கு என்னிடம் செட்டிங்ஸ் இல்லை.

துபாய்: ஒரு கேள்வி கேட்டதற்கு என்னை வில்லனாக்கிவிட்டீர்கள். ஐந்தாயிரம் ரூபாய் கேமராவுக்கு இவ்வளவு தத்துவமா?

வில்லன் இல்லை. என் அப்பாவுக்கு நானே ஹாலில் வைத்தேன், சொல்லாமல். இரண்டாம் நாள் படத்தில் ஒரே நீலம். அவருடைய துண்டு. கழற்றச் சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை. தினம் காலையில் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை அதன்மேல் காயப் போட்டார். ஒரு மாதம் பார்த்துவிட்டு வாசலுக்கு மாற்றினேன். அப்பா பெயரிலேயே கணக்கு ஆரம்பித்து, அவர் ஃபோனை முதலாளியாக வைத்து எனக்கு ஷேர் வாங்கிக்கொண்டேன். இப்போது காய்கறி வண்டி வந்தால் அவர்தான் எனக்குச் சொல்கிறார். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். இந்தப் பேச்சு இத்துடன் போதும், இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள்.

தூத்துக்குடி: இரவு முழுக்க 'அசைவு' என்று செய்தி வருகிறது. பார்த்தால் யாரும் இல்லை.

சிலந்தி. இரவில் கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வாரம் ஒரு முறை துடைப்பத்தால் தட்டுங்கள். ஆப்பில் 'மனிதர் மட்டும்' என்று இருந்தால் அதைப் போடுங்கள்.

சென்னை, அம்பத்தூர்: பக்கத்து வீட்டுக் கேமரா எங்கள் குளியலறை ஜன்னலைப் பார்க்கிறது.

முதலில் போய் அவர்கள் ஃபோனில் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்; அந்த ஜன்னலை மட்டும் கறுப்பாக மறைக்க 'பிரைவசி மாஸ்க்' என்று பல கேமராக்களில் உண்டு. மறுத்தால் காவல் நிலையம். ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியின்றிப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதற்கு மேல் வக்கீலைக் கேளுங்கள்.

பலர்: எந்தக் கம்பெனி?

2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம்; அந்தச் சான்று உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

ராமநாதபுரம்: கரண்ட் வயரும் இல்லாமல்...

தேனி. தேனி. தேனி.

ஸ்ரீரங்கம், 71 வயது: அந்தக் குரலை மட்டும் நிறுத்த வழி இல்லையா தம்பி?

இருக்கிறது அம்மா, ஆனால் அது உங்கள் மகன் ஃபோனில் இருக்கிறது. கணக்கு அவருடையது; ஸ்பீக்கர் சத்தத்தை அவர்தான் குறைக்க வேண்டும். அதுவரை ஒன்று செய்யலாம். கேமராவிலிருந்து வரும் வயர் எந்த பிளக்கில் போகிறதோ அந்த சுவிட்சை அணையுங்கள். கேமரா கெட்டுப்போகாது, திரும்பப் போட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக எழுந்துவிடும். அணைத்ததும் பல ஆப்களில் 'கேமரா ஆஃப்லைன்' என்று ஃபோனுக்குச் செய்தி போகும். உடனே உங்களைக் கூப்பிடுவார்.